சத்தமில்லாத முப்பது நாள்

எழுபத்து மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். ஆவுடையப்பன் சர்க்காருக்குக் கட்ட வேண்டிய அபராதம் அன்றைய தேதிக்கு அவ்வளவு. தடவைக்கு நூற்றைம்பது வீதம் நானூற்றுத் தொண்ணூற்றொரு தடவைக்குப் போட்டிருந்தார்கள். நோட்டீசைக் கொண்டுவந்த ஆவுடையப்பன் அதைக் கையில் கொடுக்கவில்லை. மண்டியின் சரக்குக் கிட்டங்கி வாசலில் கிடந்த உளுந்து மூட்டை மேல் வைத்துவிட்டு நாலடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். அவரோடு ஜோடியாக மூட்டை தூக்குகிற வெயிலுமுத்து போய் எடுத்துப் படித்தார். ஆனி முடிய இன்னும் நாலு நாள் இருந்தது. ஆடி கடைசிக்குள் கட்டாவிட்டால் வீட்டுக்குச் சீல், ஆளுக்கு ஒரு வருசம் திருத்த முகாம் என்று கண்டிருந்தது.

அந்த நானூற்றுத் தொண்ணூற்றொரு தடவையும் சத்தம் போட்டது வெயிலுமுத்துவின் இடது மணிக்கட்டில் கிடந்த காப்பு.

மண்டியிலிருந்து அதுவரை மூன்று பேர் முகாமுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தவர் ஒருவர்தான், தரகர் சோமநாதன். வாய் ஓயாத மனிதர். வந்த பிறகு யார் என்ன கேட்டாலும் 'நல்லதுங்க' என்று சொல்லித் தரையைப் பார்த்தார். அங்கே என்ன செய்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அடித்தார்கள் என்றால்கூட ஒரு கணக்குக்கு வந்திருக்கும். அடிக்கவில்லை என்று அவரே சொன்ன பிறகு முகாம் என்ற வார்த்தையை மண்டியில் யாரும் வாயால் சொல்வதில்லை.

மூன்று வருசத்துக்கு முன்னால் டெல்லியில் சமமதிப்புச் சட்டம் போட்டார்கள். சாதி சொல்லியோ, நிறம் சொல்லியோ, மூக்கையும் கண்ணையும் பார்த்தோ, யாரும் யாரையும் தாழ்த்தக் கூடாது. சட்டம் முன்னேயும் இருந்ததுதான். புகார் கொடுத்தவன் மறுநாள் அதே தெருவில் நடக்க வேண்டியிருந்ததால் புகார்தான் வரவில்லை. அதனால் வாய் திறக்கப் பயப்படுகிறவனுக்காக இனி அவன் உடம்பே புகார் கொடுக்கும் என்று ஒரு காப்பைக் கண்டுபிடித்து, தாழ்த்தப்பட்ட சனங்களுக்கும், மலைச் சனங்களுக்கும், வடகிழக்கிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கும், அகதி முகாம்களில் இருந்தவர்களுக்கும் மாட்டிவிட்டார்கள். மாட்டியவன் மனசு கூசினால் காப்பு 'கிர்ர்' என்று ஒரு சத்தம் போடும். தோலுக்கு அடியில் சில்வண்டு கத்துவது மாதிரி இருக்கும். நாலடிக்குள் யார் இருக்கிறாரோ அவருடைய அடையாள அட்டையில் அபராதம் ஏறிவிடும். அட்டை இல்லாமல் யாரும் வேலைக்கு ஏற முடியாது. காப்பைக் கழற்றவும் முடியாது. கழற்றினால், அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தவர் மிரட்டிக் கழற்ற வைத்ததாக எடுத்துக்கொண்டு அவர் மேல் பத்து மடங்கு போடுவார்கள்.

நல்லது நடக்கவில்லை என்று வெயிலுமுத்து ஒருநாளும் சொன்னதில்லை. லோடுமேன்களைப் பிடரியில் தட்டிப் பேசுகிற மண்டி முதலாளி ஒரே வாரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளப் பழகினார். வெயிலுமுத்துவின் கொழுந்தியாள் பஞ்சாயத்து உறுப்பினராகி நாலு வருசம் கழித்து முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதாள். அழும்போது காப்பு கத்தவில்லை.

ஆனால் சனங்கள் நாலடியைக் கற்றுக்கொண்டார்கள். பஸ்ஸில் காப்புக் கையைக் கண்டால் இடம் விட்டு எழுந்து போனார்கள். கோவில்பட்டி மண்டித் தெருவில் டீக்கடை வைத்திருக்கும் இசக்கிப்பாண்டி டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். "அண்ணாச்சி, வச்சிட்டேன். நான் போன பெறவு வந்து எடுத்துக்கிடுங்க. சாமிக்குப் படையல் வச்சாப்ல இருக்கு, என்ன செய்ய" என்று உள்ளே இருந்தபடியே சொல்வார். யாரும் தப்பாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசுவதே இல்லை.

ஆவுடையப்பன் மட்டும்தான் நாலடியை மதிக்காமல் இருந்தவர். மதிக்க வழியும் இல்லை. இருபத்திரண்டு வருசமாக இரண்டு பேரும் ஒரு ஜோடி. லாரி மேல் நின்று கொக்கி போட்டு மூட்டையை விளிம்புக்கு இழுத்து வருவது ஆவுடை. கீழே நின்று முதுகில் வாங்கிக் கிட்டங்கிக்குள் கொண்டுபோய் அடுக்குவது வெயிலுமுத்து. கூலி சரிபாதி. எட்டு வருசத்துக்கு முன்னால் மூட்டை அடுக்குச் சரிந்து வெயிலுமுத்து அடியில் மாட்டிக்கொண்டபோது ஆவுடைதான் வெறுங்கையால் இழுத்துத் தள்ளி அவரை எடுத்தார். ஆவுடையின் வலது பெருவிரல் நகம் அன்றைக்குப் போனது, மறுபடி முளைக்கவில்லை.

அப்படிப்பட்ட மனிதர் பக்கத்தில் காப்பு ஏன் கத்துகிறது என்று இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. அந்த வருசம் தை மாதம்தான் வெயிலுமுத்துவுக்குக் காப்பு மாட்டும் முறை வந்தது. முதல் தடவை கத்தியபோது இருவரும் சிரித்தார்கள். மூட்டைப் பாரத்தில் கத்துகிறது என்றுதான் நினைத்தார்கள். பத்தாம் தடவைக்கு மேல் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு, கத்திவிடுமோ என்ற பயத்திலேயே வெயிலுமுத்துவுக்கு நெஞ்சு சுருங்கும். சுருங்கினால் கத்தும். கத்தினால் பயம் கூடும்.  காப்பில் துணியைச் சுற்றிப் பார்த்தார், விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தார். "ஏலே வெயிலு, நீ எதுக்கு அழுதாலும் எனக்குத்தான் பில்லு வருது" என்று ஆவுடை ஒருநாள் சொன்னார். சொன்ன வார்த்தை வேடிக்கைதான். குரலில் வேடிக்கை இல்லை.

நோட்டீஸ் வந்த அன்றே இரண்டு பேரும் மாண்பு ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி எஸ்தர் ரூபி என்ற அம்மாள், நாற்பது வயது இருக்கும். அவர் கையிலும் காப்பு கிடந்தது. அதைப் பார்த்ததும் வெயிலுமுத்துவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நடந்ததை எல்லாம் சொல்லி, மிசின் பழுது, பாரத்துக்குக் கத்துகிறது, இவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று கும்பிட்டார்.

எஸ்தர் ரூபி பொறுமையாகக் கேட்டார். பாரத்துக்கும் ஓட்டத்துக்கும் காய்ச்சலுக்கும் கத்தாதபடி பல ஆயிரம் பேரிடம் சோதித்த பிறகுதான் மாட்டியிருக்கிறார்கள் என்றார். வார்த்தை எதையும் காப்பு கேட்பதில்லை. ஒரு மனிதன் தன்னைச் சின்னவனாக உணரும்போது மூச்சு ஒரு கணம் நிற்கும், கழுத்து இறுகும், தோலில் வேர்வை மாறும். இந்த மூன்றும் சேர்ந்து வருவதைத்தான் அது பார்க்கிறது. பிறகு அவர் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறு எதையோ கேட்டார்.

"உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்தொண்ணும்மா."

"அவருக்கு?"

"நாப்பத்தெட்டு."

"நீங்க அவரை எப்படிக் கூப்பிடுவீங்க?"

 ஆவுடைதான் பதில் சொன்னார். "அண்ணேம்பான். நான் வெயிலும்பேன், ஏலேம்பேன். பிரியத்துலதாம்மா. பிரியத்துக்குமா அபராதம்?"

"இந்த இருபத்திரண்டு வருசத்துல ஒருநாளாவது நீங்க கீழ நின்னு, இவரு லாரி மேல நின்னதுண்டா?"

ஆவுடை வெயிலுமுத்துவின் முதுகைக் கை காட்டினார்.

"இவன் முதுகு அப்படிம்மா" என்றார் ஆவுடை. "பாரம் வாங்குத முதுகு."

"யாரு பாத்துச் சொன்னது?"

ஆவுடை வெயிலுமுத்துவைப் பார்த்தார்.  வெயிலுமுத்து அப்போதுதான் யோசித்துப் பார்த்தார். மேலே யார், கீழே யார் என்று அவர்கள் பேசி முடிவெடுத்ததே இல்லை. முதல் நாள் லாரி வந்து நின்றது, ஆவுடை ஏறினார், இவர் முதுகைக் காட்டினார். மேலிருந்து 'குனி' என்பார் ஆவுடை. இவர் குனிவார். ஒரு நாளைக்கு நூற்றிருபது தடவை. அதில் நாலைந்து தடவை உடம்புக்குள் எதுவோ நினைத்துக்கொள்கிறது. இவரைக் கேட்காமலே, இவருக்குத் தெரியாமலே. அவருடைய அப்பா தோட்டத்து முதலாளியின் வாசலில் குனிந்து நின்றதை இவர் சின்ன வயசில் பார்த்திருக்கிறார். மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தார்.

ஆவுடையின் முகம் கறுத்துப்போயிருந்தது. கோபமா வெட்கமா என்று தெரியவில்லை. "சரி. நாளையிலேருந்து நான் கீழ நிக்கேன்" என்றார்.

ஒரு வழி இருக்கிறது என்று எஸ்தர் ரூபி சொன்னார். இரண்டு பேரும் தினம் ஆறு மணி நேரம் ஒன்றாக வேலை செய்து, தொடர்ந்து முப்பது நாள் காப்பு கத்தாமல் இருந்தால் அபராதம் முழுவதும் தள்ளுபடி. இடையில் எங்கே, யார் பக்கத்தில் ஒருதடவை கத்தினாலும், ஒருநாள் வராமல் போனாலும், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கெடுவுக்கு முப்பத்தைந்து நாள்தான் இருந்தது.

மறுநாள் காலை வெயிலுமுத்து லாரி மேல் ஏறினார். இருபத்திரண்டு வருசத்தில் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் தெருவே வேறு மாதிரி இருந்தது. சனங்களின் உச்சந்தலைகள்தான் முதலில் தெரிந்தன. கீழே ஆவுடை திரும்பி நின்று முதுகைக் காட்டினார். சட்டையைக் கழற்றியிருந்தார். அந்த முதுகை வெயிலுமுத்து அதுவரை பார்த்ததே இல்லை. காய்ப்பு இல்லாத, வெளுத்த, மச்சமுள்ள முதுகு. மூட்டையை இறக்கியதும் சாக்கின் விளிம்பு கழுத்துச் சதைக்குள் அமுங்கியது. ஆவுடை தொண்டைக்குள்ளேயே 'அம்' என்றார், 'மா'வை விழுங்கினார்.

காப்பு கத்தியது.

தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆவுடை மூட்டையோடு அப்படியே நின்றார். அன்றைக்கு ஐந்து தடவை கத்தியது. மறுநாள் இரண்டு தடவை. தொகையில் ஆயிரத்து ஐம்பது ஏறியது.

வெயிலுமுத்து எஸ்தர் ரூபிக்குப் போன் போட்டார். இப்போது மேலே நிற்பது நான், குனிவது அவர், அப்புறமும் கத்துகிறதே என்றார். கத்தும்போது என்ன நினைத்தீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். அவர் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை, எனக்குள் என்னமோ செய்கிறது என்றார் வெயிலுமுத்து.

"காப்புக்கு அவமானமும் தெரியாது, இரக்கமும் தெரியாது. உள்ள ஒண்ணு சுருங்குது, அது மட்டுந்தான் தெரியும்."

"அப்ப நான் என்னதாம்மா செய்யட்டும்?"

அந்த அம்மாள் எழுந்து கதவைச் சாத்துவது போனில் கேட்டது.  

"சுருங்காம இருக்கணும்" என்றார் எஸ்தர் ரூபி.

மூன்றாம் நாள் ஆவுடை சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் மாட்டிக்கொண்டு வந்தார், கழுத்து அறுபடாமல் இருக்க. அது நல்லதாகப் போயிற்று. முகமும் கழுத்தும் தெரியவில்லை. ஒரு சாக்கு வருகிறது, மூட்டையை வாங்குகிறது, போகிறது என்று வெயிலுமுத்து நினைத்துக்கொண்டார். மூட்டைகளை எண்ணினார். எண்ணிக்கையிலேயே மனசை வைத்தார். நூற்றெட்டு, நூற்றொன்பது. அன்றைக்குக் காப்பு கத்தவில்லை. அதுதான் முதல் நாள்.

பேர் சொன்னால் முகம் ஞாபகத்துக்கு வருகிறது என்று பேர் சொல்வதை விட்டார். அண்ணே என்பதையும் விட்டார். "ம்" என்பார். "அடுத்தது" என்பார். மத்தியானம் சேர்ந்து சாப்பிட்டால் ஆவுடை இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் சுவர் பக்கம் திரும்பிச் சாப்பிட்டார். ஏழாம் நாள் ஆவுடையின் முழங்கால் நீர் கோத்து வீங்கியது. பதினோராம் நாள் முதுகில் தோல் உரிந்து சாக்கு ஒட்டிக்கொண்டது. வெயிலுமுத்து எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்தும் பாராமல் இருப்பதற்கு ஒரு இடம் இருக்கிறது, கண்ணுக்குக் கொஞ்சம் பின்னால். அங்கே போய் நின்றுகொள்ளப் பழகினார். ஆரம்பத்தில் அங்கே போகச் சிரமமாக இருந்தது. பதினைந்தாம் நாளுக்கு மேல் அங்கிருந்து திரும்பி வருவது சிரமமாக இருந்தது.

பதினெட்டாம் நாள் சாயங்காலம் வீட்டில் கஞ்சி வடிக்கும்போது அவர் மனைவி கனியம்மாளுக்குப் பானை நழுவிக் கொதிக்கிற வடிநீர் இரண்டு கையிலும் கொட்டியது. அவள் போட்ட அலறலில் அடுத்த வீட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். தண்ணீரில் கையை அமுக்கி, ஆட்டோ பிடித்து, அவர்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தபோது வெயிலுமுத்து சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்.

கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு கனியம்மாள் அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை.

"நான் கத்தும்போது நீங்க என்னைப் பாத்தீக. பாத்துட்டுச் சோத்தப் பெசஞ்சீக" என்றாள். "எனக்குக் கைகூட வலிக்கல. உங்களப் பாக்கத்தான் பயமா இருக்கு."

அவர் கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினார். பதினெட்டு நாள் ஆகிறது, கத்தவில்லை, இன்னும் பன்னிரண்டு நாள்தான் என்றார். அவள் எழுந்து பாயை முழங்கையால் அணைத்துத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் படுக்கப் போனாள்.

அன்றைக்கு வெயிலுமுத்துவுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. பயம் என்று தெரிந்ததே தவிர அது நெஞ்சுக்கு வரவில்லை. எங்கேயோ தூரத்தில் லாரி ஆரன் அடிப்பது மாதிரி கேட்டு நின்றது. மணிக்கட்டைப் பார்த்தார். காப்பு சும்மா கிடந்தது. இப்போதே எழுந்துபோய்க் கனியம்மாளிடம் அழலாமா என்று யோசித்தார். அழுதால் திரும்ப ஒன்றிலிருந்து. கெடுவுக்கு மிச்சம் இருப்பதோ பதினைந்தே நாள். ஆவுடை சோமநாதனைப் போலத் திரும்பி வருவார், வந்தால். எழுந்திருக்காமல் படுத்துவிட்டார்.

இருபத்தேழாம் நாள் மழை தூறியது. கிட்டங்கி வாசலில் சறுக்குப் பலகை நனைந்திருந்தது. துவரை லோடு, மூட்டை ஐம்பது கிலோ. நாற்பத்து மூன்றாவது மூட்டையோடு போன ஆவுடை பலகையில் வழுக்கி விழுந்தார். மூட்டை இடுப்பில் விழுந்தது. ஓடி வந்த மற்ற லோடுமேன்கள் நாலடிக்கு அப்பால் வட்டமாக நின்றுவிட்டார்கள். வெயிலுமுத்து லாரியில் இருந்து இறங்கிப் போனார். மூட்டையைப் புரட்டினார். ஆவுடை எழுந்து உட்கார்ந்தார், நிற்க முடியவில்லை. மூன்றாம் தடவை முயன்று சுவரைப் பிடித்து நின்றார்.

மேஸ்திரி எட்ட இருந்தே, இன்றைக்குப் போதும், இரண்டு பேரும் வீட்டுக்குப் போங்கள் என்றார். ஆறு மணி நேரம் ஆக இன்னும் ஒன்றரை மணி இருந்தது. வெயிலுமுத்து திரும்பி லாரியில் ஏறினார். கொக்கியைப் போட்டு அடுத்த மூட்டையை விளிம்புக்கு இழுத்தார்.

"வா."

ஆவுடை வந்தார். சுவரிலிருந்து லாரிக்கு வரவே நேரமானது. தலைச்சாக்கு விழுந்துவிட்டது, முகம் தெரிந்தது. மழைத் தண்ணீரா வேர்வையா என்று தெரியவில்லை, தாடையில் வழிந்துகொண்டிருந்தது. லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே" என்றார். "கொஞ்சம் பொறுங்கண்ணே. மூச்சு வாங்கிக்கிடுதேன்."

இருபத்திரண்டு வருசத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. அதில் பிரியம் இல்லை. அது என்ன குரல் என்று வெயிலுமுத்துவுக்குத் தெரியும். அவருடைய அப்பாவின் தொண்டையில் கேட்ட குரல், அவருடைய தொண்டையிலேயே எத்தனையோ தடவை இருந்த குரல். மேலே நிற்பவனின் முகத்தைப் படிக்கப் பார்க்கும் அந்தக் கண்ணும் தெரிந்ததுதான். அடிப்பானா, விடுவானா என்று தேடும் கண். இப்போது அந்தக் கண் இவர் முகத்தில் தேடிக்கொண்டிருந்தது.

தெரு மொத்தமும் காப்பின் சத்தத்துக்குக் காத்திருந்தது. இசக்கிப்பாண்டி டீ ஆற்றுவதை நிறுத்தியிருந்தார்.

வெயிலுமுத்துவும் காத்திருந்தார். இதற்காவது கத்தும் என்று நினைத்தார். கத்திவிட்டால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தார். நெஞ்சில் கை வைத்துத் துழாவுவது மாதிரி உள்ளே தேடினார். மூட்டை எண்ணிக்கை இருந்தது. நாற்பத்து நாலு.

"குனி" என்றார்.

ஆவுடை குனிந்தார்.

ஆடி முடிய மூன்று நாள் இருக்கும்போது முப்பது நாள் நிறைந்தது. மறுநாள் காலை இரண்டு பேரும் ஆணைய அலுவலகத்துக்குப் போனார்கள். ஆவுடை இடுப்பில் பட்டை கட்டி ஒரு கால் இழுத்து நடந்தார். இனி மூட்டை தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எஸ்தர் ரூபி இருவரையும் உட்காரச் சொன்னார். ஆவுடை உட்காரவில்லை. வெயிலுமுத்து உட்கார்ந்து நாற்காலியைச் சரிசெய்து முடித்த பிறகு விளிம்பில் உட்கார்ந்தார்.

ஏழு கேள்விகள் இருந்தன. எல்லாம் வெயிலுமுத்துவுக்குத்தான். இந்த முப்பது நாளில் இவரால் தாழ்வாக உணர்ந்தீர்களா? இல்லை. பயந்தீர்களா? இல்லை. இவரோடு தொடர்ந்து வேலை செய்ய மனச்சங்கடம் உண்டா? இல்லை. ஆவுடையைக் கேட்பதற்குப் படிவத்தில் இடம் இல்லை. அவர் கையில் காப்பு இல்லாததால் அவருக்கு என்ன ஆயிற்று என்று சர்க்காருக்குத் தெரிய வழியும் இல்லை.

எஸ்தர் ரூபி மிசினில் காப்பைப் படித்துப் பார்த்தார். முப்பது நாளுக்கும் கோடு நேராக இருந்தது. கடைசிப் பத்து நாள் அளவுகோல் வைத்து இழுத்தது மாதிரி இருந்தது. அதை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் சேலைத் தலைப்பை இழுத்துத் தன்னுடைய காப்பின் மேல் போட்டுக்கொண்டார்.

"காப்பு கத்துறவங்களை இந்த வேலையில வச்சிருக்க மாட்டாங்க. சனங்க கிட்ட வரப் பயப்படுவாங்கல்ல" என்றார் மெதுவாக, வெயிலுமுத்துவுக்கு மட்டும் கேட்கும்படி. "எனக்குப் பழக பதினோரு மாசம் ஆச்சு. நீங்க ஒரே மாசத்துல பழகிட்டீங்க."

"பெறவு சரியாயிருமாம்மா?"

எஸ்தர் ரூபி முத்திரையை மையில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்தினார். சட்டத்தில் சொன்னபடி சத்தமாக வாசித்தார். ஆவுடையப்பன் பேரில் நின்ற அபராதம் ரூபாய் எழுபத்து நாலாயிரத்து எழுநூறு, முழுத் தள்ளுபடி. பாக்கி ஏதுமில்லை.

ஆவுடை எழுந்து காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாசல் பக்கம் இரண்டடி நடந்தவர் நின்றார். அதிகாரியைப் பார்க்கவில்லை. வெயிலுமுத்துவைப் பார்த்தார்.

"நான் போகட்டுமா?" என்று கேட்டார்.

வெயிலுமுத்து "ம்" என்றார்.